உங்கள் மானிட்டரில் உடம்பின் கயிறு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெயில் முகவரி ஒன்று தொடங்குவார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவார்கள். ரயில் டிக்கெட் எடுப்பார்கள். பழைய சினிமாப் பாட்டு கேட்பார்கள். அதன் பிறகு ஒரு நாள், "முழங்கால் வலி" என்று டைப் செய்து இண்டர்நெட்டில் தேடுவார்கள்.

அங்கேதான் கொலாஜன் என்ற சொல் முதன்முதலாகக் கண்ணில் படும். கொலாஜன் பவுடர், கொலாஜன் மாத்திரை, கொலாஜன் கிரீம் என்று வரிசையாக விளம்பரங்கள் வரும். ஒருமுறை கிளிக் செய்துவிட்டால் போதும், அடுத்த ஒரு மாதத்திற்கு எந்த வெப்சைட்டுக்குப் போனாலும் அந்த விளம்பரம் பின்னாலேயே வரும்.

இந்தக் கொலாஜன் உடம்பில் என்ன வேலை செய்கிறது? அதன் வடிவம் என்ன? அதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? விளம்பரங்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. விடை நமக்கு மிக அருகில் இருக்கிறது. நங்கநல்லூர் ரோடு மெட்ரோ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அடுத்தது ஆலந்தூர், அதற்கடுத்தது கிண்டி. கிண்டியில் இருக்கிறது சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். கொலாஜன் மூன்று புரி கொண்ட ஒரு கயிறு என்று உலகுக்குச் சொன்னவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையினர். ஆண்டு 1954.

அந்தக் கயிற்றை இன்று உங்கள் வீட்டு மானிட்டரிலேயே கொண்டுவந்து, மவுஸால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். காசு செலவில்லை. சாஃப்ட்வேர் எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. அதற்கான வழி இந்தக் கட்டுரையில் தரப்பட்டுள்ளது. அதற்கு முன், பார்க்கப்போவது என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம்.

உடம்பைக் கட்டி வைத்திருப்பது

நம் உடம்பில் உள்ள புரதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான். தோலைக் கிள்ளி விட்டால் அது பழையபடி படிந்துகொள்கிறது. குதிகாலுக்கு மேலே கெட்டியாக ஒரு நரம்பு போலத் தெரிகிறதே, அது நரம்பு அல்ல, தசையை எலும்போடு கட்டும் தசைநாண். முழங்காலில் எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்கக் குருத்தெலும்பு இருக்கிறது. கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல் கருவிழிப் படலம் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் முக்கியமான சரக்கு கொலாஜன். மனித உடம்பில் 28 வகைக் கொலாஜன்கள் உள்ளன. அதிகமாக இருப்பது முதல் வகை.

எலும்பிலும் கொலாஜன் உண்டு. எலும்பை கான்கிரீட் தூண் என்று வைத்துக்கொண்டால், சிமெண்ட்டும் ஜல்லியும் போல் இருப்பது கால்சியம் சேர்ந்த தாது உப்பு. உள்ளே ஓடும் கம்பி கொலாஜன். தாது மட்டும் இருந்தால் எலும்பு சாக்பீஸ் போல் ஒடிந்துவிடும். கொலாஜன் மட்டும் இருந்தால் ரப்பர் போல் வளையும். கோழி எலும்பைச் சில நாட்கள் வினிகரில் ஊறவைத்தால் தாது கரைந்துபோய் எலும்பு வளையத் தொடங்கும். பள்ளிக்கூடங்களில் இந்தச் சோதனையைச் செய்து காட்டுவார்கள். வளையும் அந்த மிச்சம் பெரும்பாலும் கொலாஜன்தான்.

ஒரு கொலாஜன் மூலக்கூறின் நீளம் சுமார் 300 நானோமீட்டர். தடிமன் சுமார் 1.5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் என்பது 10 லட்சம் நானோமீட்டர். அதாவது உங்கள் ஸ்கேலில் உள்ள ஒரே ஒரு சிறிய கோட்டு இடைவெளியை நிரப்ப, 3,300 கொலாஜன்களை நுனியோடு நுனி வைக்க வேண்டும். இவ்வளவு சிறிய பொருளின் உள் அமைப்பைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். மூலக்கூறின் தடிமன் அதைவிடப் பல மடங்கு சிறியது.

பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கங்காரு வால்

1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். 1922ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் பயின்றவர், பிறகு கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றவர். எக்ஸ்ரேயைக் கொண்டு படிகங்களை ஆராய்வது அவருடைய துறை.

ஒரு பொருளின் மீது எக்ஸ்ரேயைச் செலுத்தினால், அதில் உள்ள அணுக்கள் அந்தக் கதிரைப் பல திசைகளில் சிதறடிக்கும். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால், சிதறிய கதிர்கள் பிலிமில் ஒழுங்கான புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளின் இடத்தையும் அடர்த்தியையும் வைத்து, அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட வேண்டும். கோலத்தின் புள்ளிகளை மட்டும் கொடுத்துவிட்டு, கோலம் என்னவாக இருந்திருக்கும் என்று கேட்பது போன்ற வேலை இது.

பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால் சென்னைக்கு வந்திருந்தபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று ராமச்சந்திரனிடம் கூறினார். ராமச்சந்திரன் அதை எடுத்துக்கொண்டார். சோதனைக்குச் சுத்தமான கொலாஜன் வேண்டும். அது கிடைக்கும் இடம் பக்கத்திலேயே இருந்தது. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948ல் தொடங்கப்பட்டது. பதப்படுத்திய தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தானே! அங்கிருந்து கிடைத்த மாதிரிகளில் ஒன்று கங்காரு வாலின் தசைநாண். அதில் கொலாஜன் இழைகள் ஒரே திசையில் நேர்த்தியாக அடுக்கப்பட்டிருக்கும், ஆகவே எக்ஸ்ரே படம் தெளிவாக விழும்.

ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கார்த்தாவும் அந்தப் படங்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். கொலாஜன் மூன்று இழைகள் கொண்டது என்ற முடிவு 1954ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. 1955ல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். மூன்று இழைகளும் தனித்தனியாகச் சுருண்டிருப்பதோடு, மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்பதே அந்தத் திருத்தம்.

கயிறு திரிப்பவர்களைக் கேட்டால் இதன் பயனைச் சொல்வார்கள். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கிவிட்டு, எல்லாப் புரிகளையும் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். அப்போதுதான் இழுக்கும்போது கயிறு பிரியாது. கொலாஜனிலும் இதேதான். ஒவ்வொரு இழையும் இடப்பக்கச் சுருள். மூன்றும் சேர்ந்த கயிறு வலப்பக்கச் சுருள்.

மூன்றாவது மணி

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு மணிகளைக் கோத்த மாலை. மொத்தம் 20 வகை மணிகள். எந்த மணிக்குப் பின் எந்த மணி என்ற வரிசைதான் அந்தப் புரதத்தின் வடிவத்தையும் வேலையையும் தீர்மானிக்கிறது.

கொலாஜன் மாலையில் ஒரு விசேஷம் உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு மணிகள் கிளைசின் என்ற ஒரே வகை. 20 வகைகளிலும் மிகச் சிறியது கிளைசின்தான். மற்ற மணிகளுக்கெல்லாம் பக்கவாட்டில் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருக்கும். கிளைசினுக்கு அந்த இடத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு மட்டுமே உண்டு.

ஏன் மூன்றில் ஒன்று? மூன்று இழைகளும் நெருக்கமாக முறுக்கிக்கொள்ளும்போது, ஒவ்வொரு இழையிலும் மூன்றாவதாக வரும் மணி கயிற்றின் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அங்கே இடம் மிகக் குறைவு. ஹைட்ரஜனைவிடப் பெரிய எதுவும் அங்கே சௌகரியமாக உட்கார முடியாது. அதனால் மூன்றாவது இடத்தில் எப்போதும் கிளைசின். முதல் வகைக் கொலாஜனின் ஒவ்வொரு இழையிலும் சுருண்டிருக்கும் பகுதியில் ஆயிரத்துக்கும் சற்று அதிகமான மணிகள் உள்ளன. ஆரம்பம் முதல் கடைசி வரை இந்த விதி தவறுவதில்லை.

மற்ற இரண்டு இடங்களில் அதிகமாக வருபவை புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும். இவை வளையம் போன்ற அமைப்பு உள்ளவை. இஷ்டப்படி வளைந்து கொடுக்காதவை. கயிறு விறைப்பாக இருப்பதற்கு இவையும் ஒரு காரணம்.

ஆட்சேபணையிலிருந்து வந்த வரைபடம்

1955ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஓர் ஆட்சேபணை வந்தது. எழுப்பியவர்களில் ஒருவர் பிரான்சிஸ் கிரிக். 1953ல் ஜேம்ஸ் வாட்சனுடன் சேர்ந்து டி.என்.ஏ.வின் அமைப்பை அறிவித்தவர். மற்றவர் அலெக்சாண்டர் ரிச். மூன்று இழைக் கயிறு என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சென்னை மாடலில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். மூன்று மணிகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னை மாடல் சொன்னது. ஒன்றுதான் இருக்க முடியும் என்பது அவர்கள் வாதம். இந்தப் பிணைப்புக் கணக்கில் கேம்பிரிட்ஜ் சொன்னதுதான் பின்னால் சரியென்று நிலைத்தது.

ராமச்சந்திரன் அத்துடன் விட்டுவிடவில்லை. அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்றால், அந்த அளவு எது? உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை கண்டறியப்பட்டிருந்த படிக அமைப்புகளிலிருந்து அணுக்களுக்கு இடையே உள்ள தூரங்களைத் திரட்டினார்கள். பிறகு கேள்வியை இன்னும் விரிவாக்கினார்கள். கொலாஜனை மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? எந்தப் புரதமாக இருந்தாலும், மணிகள் எப்படியெல்லாம் திரும்பலாம், எப்படித் திரும்பவே முடியாது?

இதைப் புரிந்துகொள்ள உங்கள் கையையே பாருங்கள். முழங்கை ஒரு பக்கம்தான் மடங்கும். மணிக்கட்டு ஓரளவு சுழலும். சில கோணங்களில் கை தாராளமாகப் போகிறது, சிலவற்றில் எலும்பு இடிக்கிறது. புரத மாலையில் ஒவ்வொரு மணியின் இருபுறமும் இப்படி இரண்டு திருகு மூட்டுகள் உள்ளன. முதல் மூட்டின் கோணத்தைப் படுக்கைக் கோட்டிலும், இரண்டாவதின் கோணத்தை நிற்கும் கோட்டிலும் குறித்தால் ஒரு சதுரம் கிடைக்கும். அந்தச் சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அணுக்கள் இடிக்கின்றனவா என்று கணக்குப் பார்த்தால், இடிக்காத இடங்கள் சில தீவுகளாக மட்டும் மிஞ்சும். மற்ற இடமெல்லாம் காலி.

இந்த வேலையை ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் செய்து 1963ல் வெளியிட்டார்கள். உங்கள் மேஜையில் இருப்பது போன்ற கம்ப்யூட்டர் எதுவும் அப்போது அவர்களிடம் இல்லை. மேஜைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கோணம் கோணமாகக் கணக்குப் போட்டார்கள். அந்தச் சதுரத்திற்கு 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று பெயர். உலகம் முழுவதும் உயிர்வேதியியல் பாடப்புத்தகங்களில் இன்று அது இருக்கிறது.

இப்போது உங்கள் கம்ப்யூட்டரில்

புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற சேமிப்பகம் 1971ல் ஏழு புரதங்களோடு தொடங்கியது. இன்று அதில் 2 லட்சத்துக்கும் அதிகமான அமைப்புகள் உள்ளன. எல்லாம் இலவசம். பெயர் பதிவு செய்ய வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். உங்கள் பிரவுசர் புதிய பதிப்பாக இருந்தால் போதும். கீழ்க்கண்டபடி செய்யவும்.

1. பிரவுசரைத் திறந்து, அட்ரஸ் பாரில் ஆர்.சி.எஸ்.பி. டாட் ஆர்க் என்ற முகவரியை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டவும். கீபோர்டு தமிழுக்கு மாறியிருந்தால் முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளவும்.

2. மேலே உள்ள தேடும் கட்டத்தில் ஒன்று, சி, ஏ, ஜி என்ற நான்கையும் இடைவெளி விடாமல் டைப் செய்யவும். முதலில் வருவது எண். அதை எழுத்து என்று நினைத்து ஆங்கில 'ஐ' அடித்துவிட வேண்டாம்.

3. திறக்கும் பக்கத்தில் 'ஸ்ட்ரக்சர்' என்ற டேபைக் கிளிக் செய்யவும். சில வினாடிகளில் மூன்று நிறங்களில் மூன்று இழைகள் தெரியும். அதுதான் கயிறு.

4. மவுஸின் இடது பட்டனை அழுத்தியபடி நகர்த்தினால் கயிறு சுழலும். நடுச் சக்கரத்தை உருட்டினால் பெரிதாகும், சிறிதாகும். வலது பட்டனை அழுத்தியபடி நகர்த்தினால் படம் இடம் மாறும். கயிற்றின் ஒரு நுனி உங்களை நோக்கி வரும்படி திருப்பிப் பாருங்கள். நடுவில் எவ்வளவு நெருக்கடி என்பது அப்போது தெரியும்.

5. ஏதாவது ஒரு மணியின் மீது மவுஸைக் கொண்டுபோனால் அதன் சுருக்கப் பெயர் திரையின் ஓரத்தில் வரும். கிளிக் செய்தால் அந்த இடம் மட்டும் பெரிதாகி, சுற்றியுள்ள அணுக்களும் தெரியும். பின்னணியில் காலியான இடத்தில் கிளிக் செய்தால் பழையபடி ஆகிவிடும். எதையும் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். நீங்கள் என்ன செய்தாலும் மூல ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது.

இந்தப் படம் இவ்வளவு சீக்கிரம் வந்தது எப்படி என்று தோன்றலாம். உங்களுக்கு வந்தது போட்டோவே அல்ல, எண்களின் பட்டியல். ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு வரி. அந்த வரியில் அணுவின் பெயரும், இட வலமாக எங்கே, மேல் கீழாக எங்கே, முன் பின்னாக எங்கே என்ற மூன்று எண்களும் இருக்கும். படத்தை வரைவது உங்கள் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் சிப். ஆகவே ஃபைலின் அளவு செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவைவிட மிகச் சிறியது. சந்தேகம் இருந்தால், அதே பக்கத்தில் உள்ள டவுன்லோட் வசதியில் பழைய பி.டி.பி. ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்து இறக்கி, நோட்பேடில் திறந்து பாருங்கள். வரி வரியாக எண்கள் இருக்கும்.

ஒரு மணி தவறினால்

நீங்கள் திறந்த அமைப்பு 1994ல் வெளியானது. ஆராய்ச்சிக்காகச் சோதனைச்சாலையில் தயாரித்த ஒரு சிறு கொலாஜன் துண்டு அது. இழைக்கு 30 மணிகள். அதில் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்தார்கள். ஒவ்வொரு இழையிலும் 15வது இடத்தில், கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில், அதைவிட ஒரு படி பெரிய அலனினை வைத்தார்கள். படத்துக்கு மேலே உள்ள எழுத்து வரிசையில் 'ஜி' என்பது கிளைசின். ஜி வர வேண்டிய ஓரிடத்தில் மட்டும் 'ஏ' நிற்கும். அதைத் தேடிக் கிளிக் செய்யுங்கள். அந்த இடத்தில் கயிற்றின் முறுக்கு சற்றுத் தளர்ந்திருக்கும். பக்கத்து இழைகளோடு நேராகக் கைகோத்திருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் நுழைந்திருக்கும்.

ஒரு சிறு கார்பன் தொகுதிதான் கூடுதல். அதற்கே இவ்வளவு இடைஞ்சல். இந்த மாதிரி ஒரு பிழை, பிறக்கும்போதே சிலருடைய மரபணுவில் அமைந்துவிடுகிறது. ஆயிரம் மணிகளில் ஒரே ஒரு கிளைசினுக்குப் பதில் வேறொன்று. அந்தக் குழந்தைகளுக்கு எலும்பு எளிதில் முறியும். படுக்கையில் புரண்டாலே முறிவு ஏற்படும் அளவுக்குக் கடுமையான நிலையும் உண்டு. இதை எலும்பு நொறுங்கும் நோய் என்பார்கள். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்று இப்படி இருக்கும். குழந்தையைச் சரியாகத் தூக்கவில்லை, கவனிக்கவில்லை என்று தாயைக் குறை சொல்லும் வீடுகளில், பெரியவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது. தவறு வளர்ப்பில் இல்லை, மாலையின் ஒரு மணியில் இருக்கிறது.

நெல்லிக்காயும் கப்பல்காரர்களும்

கொலாஜனில் ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற மணியைச் சொன்னோம். அது 20 வகைப் பட்டியலில் கிடையாது. உடம்பு முதலில் சாதாரணப் புரோலினைக் கோத்துவிட்டு, பிறகு அதில் சிலவற்றின் மீது ஓர் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. அச்சடித்த பிறகு கையால் புள்ளி வைப்பது போல. அந்தப் புள்ளி வைக்கும் நொதி தொடர்ந்து வேலை செய்ய வைட்டமின் சி தேவை.

வைட்டமின் சி கிடைக்காவிட்டால் புள்ளி விழாது. புள்ளி இல்லாத கயிறு நம் உடல் சூட்டிலேயே பிரிந்துபோகும். ஈறில் ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிய புண் மறுபடி திறக்கும். பழைய காலத்தில் மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகள் இப்படித்தான் ஸ்கர்வி நோயில் இறந்தார்கள். 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆறு விதமான சிகிச்சைகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவரும் வேகமாகத் தேறினார்கள். காரணம் அவருக்குத் தெரியாது. இன்று நமக்குத் தெரியும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவை வீட்டில் இருக்கும்வரை உடம்பு கயிற்றுக்குப் புள்ளி வைத்துக்கொண்டே இருக்கும்.

பவுடர் முழங்காலுக்குப் போகுமா?

இப்போது அந்த விளம்பரத்துக்குத் திரும்புவோம். கொலாஜனைச் சூடாக்கினால் மூன்று இழைகளும் பிரிந்துவிடும். அதுதான் ஜெலட்டின். ஜெல்லியிலும், மாத்திரைக் கேப்ஸ்யூலின் கூட்டிலும் இருப்பது. அதை மேலும் சிறு துண்டுகளாக வெட்டினால் கடையில் விற்கும் கொலாஜன் பவுடர்.

அதைச் சாப்பிட்டால், வயிறும் குடலும் மற்றப் புரதங்களைப் போலவே அதையும் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைத்துத்தான் ரத்தத்தில் சேர்க்கும். கயிறு கயிறாகவே முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. அதில் உள்ள ஹைட்ராக்ஸிபுரோலினை உடம்பு புதிய கயிற்றில் கோக்கவும் முடியாது. மேலே சொன்னபடி, கோத்த பிறகு புள்ளி வைப்பதுதான் உடம்பின் முறை. ஏற்கெனவே புள்ளி வைத்த மணியை எடுத்துக் கோக்க அதனிடம் வழியில்லை. இந்தப் பவுடர்களைப் பற்றிய ஆராய்ச்சிகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. மூட்டுத் தேய்மானத்தை இவை பழைய நிலைக்குக் கொண்டுவரும் என்று யாரும் நிரூபித்ததில்லை.

ஆகவே விளம்பரத்தில் 'நேரடியாக மூட்டுக்குச் செல்லும்' என்று எழுதியிருந்தால் அந்த வரியை நம்ப வேண்டாம். பருப்பு, பால், தயிர், பயறு இவற்றிலிருந்தும் உடம்பு தனக்கு வேண்டிய மணிகளை எடுத்துக்கொள்ளும். வலி தொடர்ந்தால் பார்க்க வேண்டியது டாக்டரை. இண்டர்நெட் படிப்பதற்கு நல்லது, மருந்துச்சீட்டு எழுதுவதற்கு அல்ல.

இன்னும் இரண்டு இடங்களில்

ராமச்சந்திரன் பெயர் உங்கள் கம்ப்யூட்டர் பக்கம் வேறு இடங்களிலும் வருகிறது. சென்னையை விட்டுப் போன பிறகு, 1971ல் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அவர் ஒரு கணித முறையை வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள் அமைப்பின் குறுக்குவெட்டுப் படத்தை வேகமாகக் கணக்கிடும் முறை அது. நிழல்களை அப்படியே ஒன்றின் மேல் ஒன்று சேர்த்தால் படம் மங்கலாக வரும். சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு நிழலையும் ஒரு ஃபில்டர் வழியே செலுத்தினால் படம் தெளிவாகிறது. சி.டி. ஸ்கேன் தொடர்பான சாஃப்ட்வேர்களில் அந்த ஃபில்டருக்கு 'ராம்-லாக்' என்று பெயர். இருவர் பெயரின் முதல் பகுதிகள்தான்.

2024ல் வேதியியல் நோபல் பரிசு டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் மூவருக்கும் கிடைத்தது. மணிகளின் வரிசையைக் கொடுத்தால் புரதத்தின் வடிவத்தைச் சொல்லும் 'ஆல்ஃபாஃபோல்டு' என்ற செயற்கை நுண்ணறிவு புரோகிராமை உருவாக்கியவர்கள் ஹசாபிஸும் ஜம்பரும். ஒரு புரத மாடல், அதை மனிதர் அமைத்திருந்தாலும் கம்ப்யூட்டர் ஊகித்திருந்தாலும், நம்பத் தகுந்ததா என்று பார்க்கும் முக்கியமான சோதனைகளில் ஒன்று அதை ராமச்சந்திரன் வரைபடத்தில் போட்டுப் பார்ப்பது. புள்ளிகள் தீவுகளுக்குள் விழுந்தால் நல்லது. வெளியே விழுந்தால் எங்கோ இடிக்கிறது என்று பொருள். புரோட்டீன் டேட்டா பேங்கில் ஒவ்வொரு அமைப்புக்கும் உள்ள சரிபார்ப்பு அறிக்கையில் இந்தக் கணக்கும் இருக்கும்.

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் 'ஃபோல்டிட்' என்ற இலவச கேமை இறக்கிக் கொடுங்கள். 2008ல் வெளிவந்தது, பேக்கரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. புரத மாலையை மவுஸால் மடித்து, சரியான வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். எய்ட்ஸ் போன்ற நோயைக் குரங்குகளில் உண்டாக்கும் ஒரு வைரஸின் நொதி, பல ஆண்டுகளாக விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாமல் இருந்தது. 2011ல் இந்த கேம் ஆடியவர்கள் சில வாரங்களில் அதன் வடிவத்துக்கு வழி காட்டினார்கள். அந்த கேமில் 'ராமா மேப்' என்று ஒரு விண்டோ உண்டு. பிள்ளைகள் அது என்ன என்று கேட்டால், இனி உங்களால் சொல்ல முடியும்.

ஜி.என். ராமச்சந்திரன் 2001 ஏப்ரல் 7ஆம் தேதி சென்னையில் காலமானார். அவரும் அவருடைய மாணவர்களும் கண்டறிந்த கயிறுதான் இந்த நிமிடம் உங்கள் விரலைக் கீபோர்டின் மேல் பிடித்து நிற்கிறது. இந்த வார ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, மேலே சொன்ன ஐந்து படிகளையும் செய்து பாருங்கள். அந்த ஒற்றை 'ஏ'யைக் கண்டுபிடித்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.